அஞ்சலை கையில் மூன்று குச்சி

“உங்க அம்மா கை ஒரு தடவை அள்ளினா எத்தனை குச்சி வரும்?” என்று தருண்குமார் ஒரு முறை ஜீவிதாவைக் கேட்டான்.

சும்மா கேட்டதுதான். அவன் கண் கம்ப்யூட்டரில் இருந்தது, கை மிக்சர் பொட்டலத்தில் இருந்தது. பதில் வரும் என்றுகூட அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். ஜீவிதா மாடி ஆபீஸுக்கு வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளில் அவள் பேசியதையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். கேட்டதற்குத் தலையாட்டுவாள், முடியாதபோது கையால் காட்டுவாள். அன்றைக்கு மட்டும் வாய் திறந்து பேசினாள். அந்தக் கேள்விக்கு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

சும்மா இருந்திருக்கலாம் என்று பிற்பாடு அவள் நினைக்காத நாளில்லை.

மைசூரில் ஊதுவத்தி கம்பெனிகளுக்குக் குறைச்சல் இல்லை. இராமச்சந்திரனுடையது அவற்றில் நடுத்தரம். கீழே பேக்கிங் ஹால், மாடியில் ஆபீஸ், பின்னால் குடோன். சீனாவில் குவாங்சோ என்கிற ஊரிலிருந்து ஒரு வியாபாரி ஊதுவத்தி வாங்க முன்வந்தபோது கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். பேக்கிங் ஹாலின் மேஸ்திரி கனகா லட்டைப் பிட்டுக்கொண்டே, “ஒரு காலத்துல குச்சி அங்கேருந்துதான் வந்துச்சு. இப்ப நாம வாசனை பூசித் திருப்பி அனுப்பறோம்” என்றாள். ஹாலே சிரித்தது.

வியாபாரி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அவர் ஊர் ஜனங்கள் பார்க்கிற மாதிரி, அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி, கம்பெனிக்கு ஒரு வெப்சைட் வேண்டும். இருக்கிற வெப்சைட்டைச் சீன எழுத்தில் மாற்றிப் போட்டால் போதும் என்றுதான் இராமச்சந்திரன் நினைத்திருந்தார். போதாது என்றார்கள் பெங்களூர் ஏஜென்சிக்காரர்கள். நம் வெப்சைட்டில் இருக்கிற வீடியோக்கள் அங்கே ஓடவே ஓடாதாம். எழுத்துகூடப் பாதி வராதாம். எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து வேறு இடத்தில் வைத்து, அவர்கள் கண்ணுக்கும் மனசுக்கும் ஏற்ற மாதிரி திருத்த வேண்டுமாம். கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தருண்குமார் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது.

பழைய வெப்சைட்டில் ஐந்து வீடியோ இருந்தன. நான்கில் கன்னடத்தில் பேசினார்கள். ஒன்றில் மட்டும் தமிழ். சீனத்துக்கு மாற்றுவதற்கு முன்னால் பேச்சை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தருண்குமாரே வீட்டில் தமிழ் பேசுகிறவன்தான்; மைசூர் விஜயநகரில் பிறந்து வளர்ந்த அவனுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினால் அடையாளம் தெரியும், அவ்வளவுதான்.

“அஞ்சலை பொண்ணு இருக்காளே, கேட்டுப் பாருங்க சார். சோத்து நேரத்துல குடோன் மூலையில ஒக்காந்து ஏதோ நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பா” என்றாள் கனகா.

அந்த நோட்டு விஷயம் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் ஜீவிதா அதுவரை நினைத்திருந்தாள். மாடிப்படி ஏறும்போது அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஹனூர் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரம் அவள் ஊர். ஒன்பதாவது வரை அந்தியூரில் மாமா வீட்டில் இருந்து தமிழில் படித்தாள். பிறகு அம்மாவோடு மைசூர் வந்தாள். இங்கே பத்தாம் வகுப்பில் எல்லாமே கன்னடம். பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை. ஒரு நாள் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றவளைப் பார்த்து வகுப்பு சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அம்மா பின்னாலேயே கம்பெனிக்கு வந்துவிட்டாள். அம்மா திட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் தனக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். இப்போது ஜீவிதாவுக்குப் பத்தொன்பது வயது.

எழுதித் தரவேண்டிய வீடியோ அவள் அம்மாவுடையது.

கம்பெனிக்காரர்கள் மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. மொத்தம் நாற்பத்தேழு வினாடி. நீலச் சேலையில் அஞ்சலை ஸ்டூலில் உட்கார்ந்து குச்சி அள்ளிப் பாக்கெட்டில் போடுவாள். போட்டுக்கொண்டே பேசுவாள். ஜீவிதா அதை எழுதுவதற்கு வீடியோவைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புதிதாகக் கேட்கிறவள் போல, ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

‘இப்பிடி அள்ளோணும். எண்ண வேண்டியதில்லீங்க, கையே எண்ணிக்கும். ஒரு குச்சி கொறஞ்சாச் சாமிக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.’ அப்புறம் பக்கவாட்டில் திரும்பி, ‘ஜீவி, அக்கட்ட தள்ளி நில்லு கண்ணு. வெளிச்சத்த மறைக்கறே.’ அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. சிரிப்பையும் அடைப்புக்குறிக்குள் எழுதிக் கொடுத்தாள்.

அந்த வீடியோ எடுத்த அடுத்த மழைக்காலத்தில் ஐந்து நாள் காய்ச்சலில் அஞ்சலை போய்விட்டாள். வீட்டில் இருந்தது பொத்தான் போன். அதில் படம் பிடிக்க முடியாது. ரேஷன் கார்டில் ஒரு போட்டோ, ராமாபுரத்தில் யாரோ கல்யாணத்தில் பந்திக்குப் பின்னால் நிற்கிற ஒரு போட்டோ. குரல் என்று இருந்தது அந்த நாற்பத்தேழு வினாடிதான். தன் பெயரைச் சொல்லி அம்மா கூப்பிடுவது இந்த உலகத்தில் அந்த ஓரிடத்தில்தான் இருந்தது.

ஜீவிதாவின் அப்பா சுப்பையா கம்பி கட்டும் வேலை செய்கிறவர். அஞ்சலை போனபோது கோயமுத்தூரில் ஏதோ பாலத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். தகவல் தெரிந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு வெளியூர் வேலைக்கு அவர் போகவில்லை. விஜயநகர் பக்கம் எழும்புகிற வீடுகளில் ஒன்று மாற்றி ஒன்றாக வேலை. அங்கேயே தகர ஷெட்டில் படுக்கை. மகள் சித்தி மாதம்மாவின் வீட்டு மாடியறையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு கவரில் வாழைப்பழத்தோடு அவர் வருவார்.

அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு வராது. அஞ்சலை இருந்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ‘உங்கப்பாவுக்கு முதுகு வலிக்குதாம்’ என்பாள் இவளிடம். ‘உம்மகளுக்குச் செருப்பு அந்து போச்சாம்’ என்பாள் அவரிடம். அவள் போன பிறகு அவர்கள் எதிரெதிராக உட்கார்ந்து சோறு தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். அப்படியே மூன்று நான்கு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவிதா சித்தி கொடுத்த பழைய டச் போனில் கம்பெனி வெப்சைட்டைத் திறந்து அந்த வீடியோவைக் காட்டினாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சுப்பையா, “போடு கண்ணு” என்பார். மூன்று தடவை போடுவாள். அதற்கு மேல் அவரும் கேட்க மாட்டார். ‘ஜீவி’ என்று அஞ்சலை திரும்பும்போது அவர் போனிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்ப்பார், அவள் அங்கே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறாளா என்று பார்ப்பது போல. அதற்குப் பிறகு எப்படியோ பேச்சு வந்துவிடும். அந்தச் சேலை ஹனூர் சந்தையில் எடுத்தது என்பார். அத எடுத்தப்ப உனக்குப் பால்பல்லு விழுந்திருந்தது என்பார். இவளும் ஹாலில் நடந்த எதையாவது சொல்வாள். பத்துப் பதினைந்து வார்த்தைதான். ஒரு வாரத்துக்கு அது போதுமாக இருந்தது. கிளம்பும்போது, “வர்றேன் கண்ணு, கதவச் சாத்திக்க” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அதை போனில் இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஏன் அவளுக்குத் தோன்றவில்லை என்றால், பதில் சுலபம். அந்த போனில் இடம் கிடையாது. ஒரு போட்டோ எடுத்தால் ஒன்றை அழிக்க வேண்டும். அதுவும் இல்லாமல், கம்பெனி எங்கே போகும்? ஹால் எங்கே போகும்? அது மாதிரி அதுவும் அங்கேயே இருக்கும் என்று நினைத்தாள்.

எழுதிக் கொடுத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அவளுடைய பொறுமையைப் பார்த்த தருண்குமார், கீழே அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொண்டான். அறுநூற்றுப் பன்னிரண்டு போட்டோக்கள் இருந்தன. ஏஜென்சி கொடுத்த பட்டியலை அவன் தமிழில் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். வெள்ளைப் பூ இருக்கிற படம் ஆகாது, அங்கே அது சாவுக்கு வைக்கிறது. சாமி படம் போட்ட பாக்கெட் வேண்டாம். இந்தியா மேப் கண்டிப்பாகக் கூடாது. நான்கு என்கிற எண் எங்கேயும் தெரியக் கூடாது. நான்கு பாக்கெட், நான்கு குச்சி, எதுவானாலும். நாலு அவர்களுக்குச் சாவு எண்ணாம். அங்கே கும்பிடுகிறவர்கள் மூன்று குச்சிதான் ஏற்றுவார்களாம். எட்டு இருந்தால் ரொம்ப நல்லது. சிவப்பு நல்லது.

பழைய வெப்சைட்டின் முகப்பில் இராமச்சந்திரனின் அப்பா படம் சந்தன மாலையோடு கறுப்பு வெள்ளையில் இருந்தது. செத்தவர் படம் மாதிரி இருக்கிறது, பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள் என்று குவாங்சோவிலிருந்து எழுதியிருந்தார்கள்.

“செத்துத்தானேய்யா போயிட்டார்” என்றார் இராமச்சந்திரன்.

தருண்குமார் அதை அப்படியே அடித்து அனுப்பினான். அதனால்தான் எடுக்கச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. இராமச்சந்திரன் மூன்று நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார். நான்காம் நாள் எடுத்துவிடச் சொன்னார். அவருக்கு வீட்டில் பூஜை அறையில் அதே படம் இன்னும் பெரிதாக இருந்தது.

ஜீவிதா காலையிலிருந்து சாயங்காலம் வரை படங்களைப் பார்த்து ஒதுக்கினாள். நான்கு குச்சி தெரிகிற படங்கள் மட்டும் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றாகச் சிவப்புக் குறி போட்டாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் பேசச் சொல்லவில்லை. தருண்குமார் மட்டும் அவ்வப்போது ஏதாவது கேட்பான், பதிலுக்குக் காத்திருக்காமல் தானே சிரித்துக்கொள்வான்.

பதினோராம் நாள் மத்தியானம் அவன் அஞ்சலையின் வீடியோவை ஏஜென்சிக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தான். அப்போதுதான் கேட்டான். உங்க அம்மா கை ஒரு தடவை அள்ளினா எத்தனை குச்சி வரும்?

“நாலுங்க” என்றாள் ஜீவிதா.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் குரல் அவனுக்கு அவ்வளவு புதிது.

“பாத்து அள்ளறதா, பார்க்காமலா?”

“பாக்காமத்தானுங்க.” அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். “ஒவ்வொரு இடுக்குக்கும் ஒண்ணு. நாலு இடுக்கு, நாலு குச்சி. அஞ்சு வாட்டி அள்ளுனா ஒரு பாக்கெட்டு. மத்தவங்களெல்லாம் தராசுல போட்டுப் பாப்பாங்க. எங்கம்மா போட்டதத் தராசுல வெச்சா முள்ளு ஆடாதுங்க.”

இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. மேலே பேச இன்னும் இருந்தது. அம்மாவிடமிருந்துதான் ஹாலில் பாதிப் பேர் அள்ளக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் ஒருவருக்கும் நான்கு வரவில்லை, கனகாவுக்கே மூன்றில் நின்றுவிட்டது, இதையெல்லாமும் சொன்னாள். தருண்குமார் மிக்சரைக் கீழே வைத்துவிட்டு வீடியோவை மெதுவாக ஓடவிட்டான். வேகமாக ஓடும்போது கை மங்கலாகத்தான் தெரியும். மெதுவாக ஓடும்போது விரல்கள் பிரிந்தன. நான்கு இடுக்கிலும் நான்கு குச்சிகள், சீப்புப் பல் மாதிரி.

“அட, நிஜமா நாலு” என்றான். “பாத்தா தெரியவே இல்லையே. சும்மா கேட்டேன், நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். ஜீவிதா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், ஆனால் உள்ளுக்குள் பொங்கிக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதினாள். முப்பத்தெட்டுப் படங்களைத் தன் கையாலேயே ஒதுக்கியவளுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. அம்மாவின் நான்கு வேறு, அந்த நான்கு வேறு என்று இருந்துவிட்டாளோ என்னவோ.

போட்டோ வேலை முடிந்து அவள் கீழே பழைய ஸ்டூலுக்கே திரும்பினாள். ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வெப்சைட்டைத் திறந்தபோது வீடியோ இருந்த இடத்தில் வெறும் சாம்பல் கட்டம் இருந்தது. நெட் சரியில்லை என்று நினைத்தாள். சனிக்கிழமை வெப்சைட்டே வேறாக இருந்தது, அதில் வீடியோ எதுவும் இன்னும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், “நெட்டு வரலீங்கப்பா” என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். அன்று இருவரும் பழம் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். “வர்றேன் கண்ணு, கதவச் சாத்திக்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை பேக்கிங் ஹாலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். சீன வெப்சைட் திறக்கிறார்களாம், எல்லோரும் பார்க்க வேண்டுமாம். தருண்குமார் புதுச் சட்டை போட்டிருந்தான். திரை முழுக்கச் சிவப்பும் தங்கமும். தாமரை வந்தது, சந்தன மரம் வந்தது. கட்டம் கட்டமாகப் புரியாத எழுத்துகள் இறங்கின. எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் தருண்குமார் ஜீவிதா பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினான்.

நீலச் சேலை சிவப்பாகியிருந்தது. முகம் அம்மாவுடையதுதான். உதடு அசைந்தது. குரல் வந்தது. குரலும் அம்மாவுடையதுதான், அந்தக் கரகரப்பு, மூச்சு இழுக்கிற இடம், எல்லாம் அப்படியே. பேசியது சீனம்.

ஹாலில் ஒரே சிரிப்பு. “ஏய் அஞ்சலக்கா, எப்பப் படிச்சே இதெல்லாம்” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பிலா அழுகையிலா என்று தெரியவில்லை.

ஜீவிதா கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. மூன்று குச்சிதான் வந்தது. மறுபடியும் மூன்று. மூன்று வருஷத்துக்கு மேல் அள்ளிப் பழகிய புத்தி தானாக எண்ணியது. ஐந்து அள்ளல், பதினைந்து குச்சி. அம்மா ஐந்து குச்சி குறைவாகப் போட்டுப் பாக்கெட்டை மூடினாள்.

அப்புறம் அம்மா பக்கவாட்டில் திரும்பினாள். திரும்பிய பக்கத்தில் ஒரு கியூஆர் கோட், கடைகளில் போனைக் காட்டி ஸ்கேன் செய்கிற சதுரம், வந்து நின்றது. அதைப் பார்த்து அம்மா ஏதோ சொன்னாள். சிரிப்பு இல்லை. வீடியோ முடிந்துவிட்டது.

எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு அவள் மாடிக்குப் போனாள். படியில் நின்று இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தாள். கடைசியில் தருண்குமார் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“எப்படி இருந்துச்சு?” என்றான் அவன். முகமெல்லாம் சந்தோஷம். “ஏஜென்சியில புதுசா ஆளை வெச்சு எடுக்கறேன்னாங்க. நான்தான் வேணாம், இந்தம்மாதான் இருக்கணும்னேன். அரை நிமிஷம் குரல் குடுத்தாப் போதும், எந்த பாஷையும் பேச வெச்சிடுது. கையில மட்டும் நாலு இருந்துச்சா, நீ சொன்னியே, அதை எழுதி அனுப்பினேன். மூணாக்கிட்டாங்க. ஒருத்தருக்கும் தெரியாது பாரு.”

“கடைசியில என்ன சொல்றாங்க?” என்றாள். அவளுக்கே கேட்காத குரலில்.

“கடைசியிலயா? ‘இப்பவே ஸ்கேன் பண்ணுங்க’ன்னு.”

பிறகு, “பழசு வேணுங்க” என்றாள்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உற்சாகமாகத்தான் தேட ஆரம்பித்தான். கம்ப்யூட்டரில் தேடினான்; அனுப்பிய கையோடு அதிலிருந்து அழித்திருந்தான். ஏஜென்சிக்கு அனுப்பிய லிங்க் ஏழு நாளில் செத்துப் போகிற லிங்க். ஏஜென்சிக்கு போன் போட்டான். பழைய பைலின் மேலேயே புதியதை எழுதிவிட்டார்களாம், இரண்டு வைத்துக்கொள்கிற வழக்கம் இல்லையாம். வெப்சைட்டின் பழைய வீடியோக்கள் இருந்த கணக்கை, பழைய பெயரும் பழைய பாக்கெட்டும் எங்கேயும் கண்ணில் படக் கூடாது என்று குவாங்சோக்காரர் எழுதியதால், போன வியாழக்கிழமை அவனேதான் அழித்திருந்தான். தேடத் தேட அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றான். “உன்கிட்ட இருக்கும்னு நெனச்சேன். சத்தியமா. யாரா இருந்தாலும் எடுத்து வெச்சிருப்பாங்கன்னு.”

அவள் தலையாட்டினாள்.

வீடியோவை எடுத்தவர் ரவிக்குமார், தேவராஜ மொஹல்லாவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார், அவரிடம் இருந்தாலும் இருக்கும் என்று கனகா சொன்னாள். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஜீவிதா பஸ் ஏறிப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால், மூட்டை இறக்குகிறவர்களைத் தாண்டி, ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது ஸ்டூடியோ. சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தாள். படியேறி, இறங்கி, மறுபடி ஏறி, காகிதத்தை நீட்டினாள். அது தமிழில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. கடைசியில் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“மூணு வருஷமாச்சேம்மா” என்றார் ரவிக்குமார். “கல்யாணத்தையே ஒரு வருஷத்துக்கு மேல வெக்கிறதில்ல. அழிச்சு அழிச்சுத்தான் எடுக்கறோம்.”

ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு அட்டைப் பெட்டியை இறக்கி, ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் வந்த இரண்டு பாஸ்போர்ட் போட்டோக்காரர்களைக் காத்திருக்கச் சொன்னார். கடைசியில் அந்தக் கம்பெனியின் பெயரில் ஒரே ஒரு துண்டு கிடைத்தது. பதினோரு வினாடி. வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தது. பேக்கிங் ஹால் ஜன்னல், மேஜையில் குச்சிக் குவியல், காலியான ஸ்டூல். அஞ்சலை இன்னும் வந்து உட்காரவில்லை. சத்தமும் இல்லை.

“இது வேணுமா?” என்று கேட்டார்.

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பஸ்ஸில் வரும்போது வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. திரும்பிப் போய்க் கேட்க இன்னொரு தடவை படியேற வேண்டும். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நோட்டில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தாள். சுப்பையா பதினோரு மணிக்கு வாழைப்பழத்தோடு வந்தார். விரல் நுனியெல்லாம் கம்பித் துரு. சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

“நெட்டு வந்துருச்சா? போடு கண்ணு.”

“மாத்திட்டாங்கப்பா” என்று மட்டும் வந்தது.

“என்னத்த?”

அவள் போட்டாள்.

அவர் எப்போதும் போலக் குனிந்து பார்த்தார். குரல் வந்ததும் முகம் மலர்ந்தது, அந்தக் குரலுக்குப் பழகிய முகம். அப்புறம் காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். முடிந்ததும் போனைக் கையில் பிடித்தபடியே அவள் பக்கம் நீட்டினார், இன்னொரு தடவை போடு என்பது போல. போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். அஞ்சலை பக்கவாட்டில் திரும்பியபோது, அவர் பழக்கத்தில் கண்ணை எடுத்து மகளைப் பார்த்தார். ‘இப்பவே ஸ்கேன் பண்ணுங்க’ என்று அஞ்சலை சீனத்தில் சொன்னாள். ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் போனில் ஒரு இடத்தில் விரல் வைத்தார். அஞ்சலையின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில். அங்கே ஏதோ தூசி ஒட்டியிருப்பது போல மெல்லத் துடைத்தார். படம் நகர்ந்துவிட்டது.

ஜீவிதா எழுந்து போய்த் துணிப் பெட்டிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தாள். யார் முன்னாலும் அதை அவள் திறந்ததில்லை. வீடியோவில் அம்மா பேசியதை அன்றைக்கே எழுதி வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து, அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்தாள்.

“இப்பிடி அள்ளோணும். எண்ண வேண்டியதில்லீங்க, கையே எண்ணிக்கும்.”

அது அவள் குரலாகத்தான் இருந்தது, வேறு யாருடையதாகவும் இல்லை. சுப்பையா தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு குச்சி கொறஞ்சாச் சாமிக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.”

அடுத்தது அவள் பெயர். ‘ஜீவி’ என்று தன்னைத்தானே கூப்பிட வேண்டும். எழுத்து கண்ணுக்கு முன்னால் தெளிவாக இருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் காற்றுதான் வந்தது. அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருந்த சிரிப்பை என்ன செய்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

சுப்பையா போனைத் தரையில், திரை கீழே இருக்கும்படி வைத்தார். பழக் கவரை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளினார். சுவரைப் பிடித்து எழுந்து நின்று, துண்டை உதறித் தோளில் போட்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டார். ஜீவிதா நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார், முதுகு மட்டும் தெரிந்தது. கதவச் சாத்திக்க என்ற சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.

செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போய்விட்டது. கதவு திறந்தே கிடந்தது.